முகமூடியின் விலை இரண்டு டொலர்

சென்ற மாதம் என் மருமகன் நான் வரிக்கணக்குப் பார்க்கும் மேசைக்கு முன்னால் வந்து இருந்தான். கையில் வரிப் பத்திரம் எதுவும் இல்லை.

"மாமா, ஒரு ஸ்லாஷர் படம் எடுக்கப் போறன். கார்னிவேல் ஒண்டுக்க நடக்கிற கதை. வீட்டுப் பெறுமதியில கடன் எடுக்கலாமோ?"

வீடு அவனுடையது அல்ல, என் அக்காவுடையது. இருபது வருடம் இரண்டு வேலை செய்து கட்டி முடித்த வீடு.

ஸ்லாஷர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முகமூடி போட்ட ஒருவன் கத்தியோடு வந்து இளையவர்களை ஒவ்வொருவராகக் கொல்லுவான். ஏன் கொல்லுகிறான் என்று கேட்கக்கூடாது. 1978இல் ஜோன் கார்பென்டர் எடுத்த 'ஹலோவீன்' இந்த வகைக்குப் பெரிய வழி திறந்தது. அதில் கொலைகாரன் போட்டிருந்தது கடையில் இரண்டு டொலருக்கும் குறைவாக வாங்கி வெள்ளை பூசிய ஒரு முகமூடி. அன்றிலிருந்து கையில் காசில்லாத இயக்குநர்களுக்கு எல்லாம் இந்த வகையில் ஒரு கண்.

மருமகன் காட்டிய உதாரணம் 2018இல் வந்த 'ஹெல் ஃபெஸ்ட்'. கிரெகொரி புளொட்கின் இயக்கியது. பேய் வீடுகள் நிறைந்த ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு இளைஞர் கூட்டம் ஒன்று போகிறது. அங்கே வேடமிட்டுப் பயமுறுத்தும் ஊழியர்களுக்கு நடுவே உண்மையான கொலைகாரன் ஒருவன். "55 இலட்சம் டொலரில எடுத்து 1 கோடி 80 இலட்சம் உழைச்சது மாமா" என்றான்.

கடதாசி எடுத்து எழுதிக் காட்டினேன். அந்த 180 இலட்சமும் சனம் நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த காசு. ஏறத்தாழப் பாதி திரையரங்குகளோடு நின்றுவிடும். மிச்சம் 90. தயாரிப்புச் செலவு 55 போனால் 35. அமெரிக்காவில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட அரங்குகளில் வெளியிட்ட படத்தின் விளம்பரச் செலவு இந்த 35க்குள் அடங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. தொலைக்காட்சி, இணைய உரிமை விற்றுத்தான் மேலே வந்திருக்க வேண்டும். அவன் மூன்று மடங்கு இலாபம் என்று நினைத்திருந்தான்.

வரிக்கழிவு இருக்கிறதே என்றான். இருக்கிறதுதான். அந்தப் படம் எடுக்கப்பட்ட ஜோர்ஜியா மாநிலத்தில் செலவில் 20 வீதம், மாநிலச் சின்னத்தைப் படத்தில் காட்டினால் இன்னொரு 10 வீதம். ஆனால் குறைந்தது 5 இலட்சம் டொலர் செலவழித்திருக்க வேண்டும். எங்கட ஒன்ராறியோவில் உள்ளூர்ப் படங்களுக்கான கழிவு கணக்கிடப்படுவது உள்ளூரவர்களுக்குக் கொடுத்த சம்பளத்தின் மீது. அதுவும் நிறுவனத்துக்குத்தான், தனியாளுக்கு இல்லை. நண்பர்களுக்குக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்து நடிக்க வைக்கிறவனுக்குச் சம்பளக் கணக்கும் இல்லை, கழிவும் இல்லை.

ஆனாலும் இடத்தைப் பொடியன் சரியாகத்தான் பிடித்திருந்தான். கேளிக்கைப் பூங்காவில் பாதிப் படம் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கிறது. விளக்கு, இருட்டு, இராட்டினம், ஒடுங்கிய வழிகள், முகமூடிகள். 'ஹெல் ஃபெஸ்ட்' குழு அட்லாண்டாவைச் சுற்றியுள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்களில் படம் பிடித்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய இலவசம், அங்கே அலறினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது. படத்தில் கதாநாயகி ஒரு கொலையைக் கண்ணால் பார்த்து, நடிப்பு என்று நினைத்துக் கொலைகாரனை உற்சாகப்படுத்துகிறாள். எனக்குப் படத்தில் உறைத்த இடம் அது ஒன்றுதான். மற்றக் கொலைகளை மறந்துவிட்டேன்.

ஆனால் இந்த இலவசத்துக்கு வேறு கணக்கும் உண்டு. 1984 மே 11இல் நியூ ஜேர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்கா ஒன்றின் பேய்க்கோட்டையில் தீப்பிடித்து 8 இளையவர்கள் இறந்தார்கள். இழுவைப் பெட்டிகளைப் பொருத்திக் கட்டிய கோட்டை அது. தற்காலிகக் கட்டடம் என்ற தலைப்பின் கீழ் இருந்ததால் நிரந்தரக் கட்டடத்துக்குரிய விதிகள் அதற்குப் பொருந்தவில்லை. தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்கள் இல்லை. நிறுவனம் வழக்கில் குற்றமற்றது என்று விடுவிக்கப்பட்டது. ஒரு செலவை எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்பதுதான் என் தொழில். அதனால் அந்தத் 'தற்காலிகம்' என்ற சொல் எனக்கு இலேசாகக் கடந்து போகவில்லை.

மருமகனின் வரவுசெலவுத் திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். கமெராவுக்கு, செயற்கை இரத்தத்துக்கு, சாப்பாட்டுக்கு எல்லாம் காசு ஒதுக்கியிருந்தான். காப்புறுதி இல்லை. அவசர வழி இல்லை. இருட்டுக்குள் பதினைந்து பேரை ஓடவிடப் போகிறான். அக்காவின் வீட்டைத் தொடாமல், சேமிப்பில் உள்ள காசுக்குள் பத்து நிமிடப் படம் ஒன்று முதலில் எடுக்கச் சொன்னேன். கடதாசியின் முதல் வரியில் காப்புறுதி என்று என் கையாலேயே எழுதினேன்.

"உண்மையா ஆருக்கும் அடிபட்டு அலறினா எப்பிடித் தெரியும் மாமா?" என்று போகும்போது கேட்டான்.

நடிப்பை நிறுத்த எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லை முதலே பேசி வைக்கச் சொன்னேன். கதையில் எங்கும் வராத சொல்லாக இருக்க வேண்டும். 'ரசீது' என்று வைத்திருக்கிறானாம்.