தீக்குச்சி, வால்டியூப், வாத்தியார்

"மேக்கர் லேப்"னு பேச்சு எடுத்தாலே த்ரீ-டி பிரிண்டர், ஆர்டுயினோன்னு போயிடுறோம். 2016ல் வந்த அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நல்லதுதான். ஆனால் அந்த சாமானில் முதலில் பழக வேண்டியது வாத்தியாரின் கை. இதை ரொம்ப மலிவாக, ரொம்ப முன்னாடியே செய்து பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது: மத்தியப் பிரதேசத்தில் அப்போது ஹோஷங்காபாத் எனப்பட்ட ஊர்.

1972ல் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்முறை வழி அறிவியல் பாடம் ஆரம்பித்தார்கள். 2002ல் மாநில அரசு நிறுத்தும் வரை 30 வருஷம் நடந்தது. பயிற்சியில் ஆசிரியர்களுக்குச் சொற்பொழிவு கிடையாது. பிள்ளைகள் மாதிரி குழுவாக உட்கார்ந்து, பிள்ளைகள் செய்யப்போகும் சோதனைகளைத் தாங்களே செய்து பார்க்கணும்.

டெல்கோவில் இன்ஜினியராக இருந்த அரவிந்த் குப்தா 1978ல் ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு இங்கே வந்தார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் வைத்து வடிவங்கள் கட்டும் அவருடைய முறை அப்போது பிறந்ததுதான்.

முறை இதுதான். வால்டியூபைச் சின்னத் துண்டுகளா வெட்டிக்கணும். குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட்டு, ஒரு துண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி செருகினா ஒரு மூட்டு ரெடி. மூன்று குச்சி, மூன்று மூட்டு: முக்கோணம். நான்கு குச்சியில் சதுரம். சதுரத்தை லேசா அழுத்தினா சாய்ஞ்சுடும், முக்கோணம் நிற்கும். பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் இத்தனை முக்கோணம்னு பையனுக்கு விரலிலேயே புரியும்.

இப்போ சிக்கலுக்கு வருவோம். ஒரு பொண்ணு எழுந்து, "சார், என் முக்கோணமும் ஆடுதே" என்கிறாள். புத்தகம் மட்டும் படித்தவர் "அதெல்லாம் ஆடாதும்மா, உட்காரு" என்பார். அவள் கண் பார்த்ததை அவளே நம்பக்கூடாதுன்னு அன்றைக்குக் கற்றுக்கொள்வாள். கட்டிப் பார்த்தவர் அவள் கையிலிருப்பதை வாங்கிப் பார்ப்பார். மெழுகு தீக்குச்சியா? அப்போ குச்சியே வளையுது. மூட்டில் குச்சி லூசா? அப்போ அது டியூபுக்குள்ளே வழுக்குது. ரெண்டிலும் பக்கத்தின் நீளம் மாறுகிறது. மூன்று பக்கமும் நீளம் மாறாமல் இருந்தால்தான் முக்கோணத்தின் கோணங்கள் மாறாது. அந்தப் பொண்ணின் புகாருக்குள்ளேதான் பாடமே இருக்கு!

சாப்ட்வேரில் இதைத்தான் டீபக்கிங் என்கிறோம். யூசர் பொய் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டு தேட ஆரம்பிக்கணும். மேனுவல் படித்து இது வராது.

கட்டிப் பார்க்கிறவர்கள் 12 மரக்குச்சியில் ஒரு கனசதுரம் செய்யுங்கள். கொழகொழன்னு சரியும். முகத்துக்கு ஒரு மூலைவிட்டமா 6 நீளக்குச்சி கொடுத்த பிறகுதான் நிற்கும். அந்தக் குச்சி எவ்வளவு நீளம் வேணும்னு கேட்கப்போவது பிள்ளைகள்தான், பித்தாகரஸைக் கையில் தயாரா வைத்துக்கொள்ளுங்கள்.