வாசலைவிடப் பெரிய பத்தாயம்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வட்டாரத்தில் பழைய விவசாய வீட்டைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் பலர் ஒரே இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள். பட்டாசல் என்கிற கூடத்தைத் தாண்டினால் இருட்டாக ஓர் அறை. அதற்குள் ஆளுயரத்துக்கு ஒரு நெல் பத்தாயம். அறைக் கதவோ, குனிந்தால்தான் நுழையலாம் என்கிற அளவு. பத்தாயத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளியே வராது. ‘இது எப்படி உள்ளே போச்சு?’ என்று வீட்டுக்காரர் தலையைச் சொறிவார். ஆசாரி சிரிப்பார். அது உள்ளே போகவே இல்லை. பலகைகளாகக் கொண்டுபோய், அறைக்குள் வைத்தே பூட்டிய பெட்டி அது. அறை இருக்கும்வரை பத்தாயமும் இருக்கும் என்று நினைத்துச் செய்தது.

அந்த அறைக்கு நெல்லைச் சீமையில் அரங்கு என்று பெயர். தெருவை ஒட்டித் தார்சா, அடுத்துப் பட்டாசல், பிறகு அரங்கு, அடுக்களை, வானம் பார்த்த மானவெளி, கடைசியில் புறவாசல். வீட்டுக்கு வீடு வரிசை கொஞ்சம் மாறினாலும் அரங்கு பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும். நெல்லும் புளியும் கருப்பட்டியும் அதில்தான். நகைப்பெட்டியும் அதில்தான். பல வீடுகளில் பிள்ளைப்பேறும் அங்கேதான் நடந்திருக்கிறது. இன்று வீடு கட்டித் தருகிறவர்கள் ‘பேன்ட்ரி’ என்று வரைபடத்தில் குறிப்பதற்கு இங்கே நெருங்கிய உறவு இந்த அரங்குதான். அந்த ஆங்கிலச் சொல்லின் வேர், ரொட்டியைக் குறிக்கும் ‘பானிஸ்’ என்ற லத்தீன் சொல். அவர்களுக்கு ரொட்டி அறை. தாமிரபரணிக் கரையில் நெல் அறை.

நெல் அறை என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அரிசி அறை வேறு. இந்த ஆற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பருவம். கார் நெல் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வீட்டுக்கு வரும். பிசான நெல் மாசி, பங்குனியில் வரும். களத்தில் காயவைத்த நெல்லை உமியோடுதான் சேர்த்து வைத்தார்கள். தேவைப்படும்போது அவித்தோ பச்சையாகவோ குத்திக்கொள்வார்கள். ஒவ்வொரு அரிசிக்கும் இயற்கை போட்டுக் கொடுத்த உறை உமி. அது கிழியாதவரை வண்டுக்கு வேலை கடினம். உமியை நீக்கித் தவிடும் தீட்டிய அரிசியோ சட்டை இல்லாமல் நிற்கிற பிள்ளை மாதிரி.

சேர்த்து வைக்கும் பாத்திரத்திலும் அறிவு இருந்தது. மரத்தில் செய்தால் பத்தாயம். மண்ணைக் குழைத்து வளையம் வளையமாக ஏற்றினால் குலுக்கை. இரண்டிலும் மேல்வாய் வழியாக நெல்லைக் கொட்டி, அடியிலுள்ள சின்னத் துவாரம் வழியாக எடுப்பார்கள். பழையது முதலில் செலவாகும், புதியது தன் முறைக்குக் காத்திருக்கும். இன்றைய பெரிய கிடங்குகளில் கணினி வைத்துக் கடைப்பிடிக்கிற விதியைக் குலுக்கை தன் உடம்பிலேயே வைத்திருந்தது. விதைநெல்லுக்குத் தனி மரியாதை. அதை வைக்கோலால் பொதிந்து, புரி சுற்றிக் கட்டி வைப்பார்கள். அதற்குக் கோட்டை என்று பெயர். 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை என்பது நெல்லைக் கணக்கு. வயலின் பரப்பைக்கூட, அதற்குப் பிடிக்கும் விதையை வைத்து, இத்தனை கோட்டை விரைப்பாடு என்றுதான் சொல்லுவார்கள்.

மண்பாத்திரத்தில் நெல் என்றால் இந்தப் பள்ளத்தாக்குக்கு நீண்ட நினைவு உண்டு. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியை ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, அதன் காலம் பொது ஆண்டுக்கு முன் 1155 என்று வந்தது. 2021 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அது செத்தவர்களுக்கு வைத்த நெல், அரங்கில் இருப்பது இருப்பவர்களுக்கு வைத்தது. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனால் மண்ணும் ஆறும் ஒன்றுதான்.

அரங்கு ஏன் இருட்டாக இருக்கிறது? பழைய காலத்து ஆட்களுக்குக் காற்றோட்டத்தின் அருமை தெரியவில்லை என்று புதுசாக வீடு கட்டுகிறவர்கள் சொல்வதுண்டு. அப்படியில்லை. நடு அறைக்கு வெயில்படும் சுவர் குறைவு. அதனால் சூடும் குளிரும் அதிகம் ஏறி இறங்காது. சுவரோ ஒன்றரை, இரண்டு அடிக் கனம். மேலே சுண்ணாம்புப் பூச்சு. சில இடங்களில் கடுக்காய் ஊறலும் கருப்பட்டிக் கரைசலும் சேர்த்து அரைத்த சாந்து. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், திருப்பிக் காற்றுக்கே கொடுத்துவிடும். அதன் காரத்தன்மையில் பூஞ்சைக்கு இடமில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதும் சும்மா அழகுக்கு இல்லை. கார் நெல் பாதிக்கு மேல் கரைந்து, பிசான நெல் இன்னும் வராமல், அறை பெரும்பாலும் காலியாகக் கிடக்கிற நாள்கள் அவை.

இருட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அரங்குச் சாவி யார் இடுப்பில் இருந்ததோ அவர் சொல்தான் அந்த வீட்டில் சட்டம். மருமகள் படி அளந்து வாங்க வேண்டும். விளைவித்துக் கொடுத்தவர்களோ புறவாசலோடு நின்றார்கள். கூலி நெல் அங்கே வந்து அளக்கப்பட்டது. பழைய வீடுகளின் பெருமை பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது.

இந்தப் பக்கத்து வீடு ஒன்றின் உள்ளமைப்பை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது என்பது ஒரு வேடிக்கை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. தென்னிந்திய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய அருங்காட்சியகம் அது. அங்கே திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூரின் அக்கிரகார வீட்டைப் பார்க்கலாம். அடுத்தடுத்த வீடுகளுக்குப் பொதுச்சுவர் என்பதால் பக்கவாட்டில் சன்னலுக்கு வழியில்லை. வெளிச்சம் முன்னும் பின்னும் முற்றத்திலும்தான். நடு அறை இருட்டாகிப்போனதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். அந்தக் கட்டாயத்தையே வசதியாக மாற்றிக்கொண்டதுதான் கெட்டிக்காரத்தனம்.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கிருந்து வெளிவந்த அம்பை 16 என்ற குட்டையான, தடித்த நெல்லை வட்டாரமே அறியும். அதைப் பயிரிடுகிறவர் வீட்டு அரங்கில்கூட இன்று அந்த நெல் இருக்கும் என்று சொல்ல முடியாது. அறுவடை இயந்திரம் ஒரு நாளில் வயலை முடித்துவிடுகிறது. ஈரம் காய்வதற்குள் நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கோ வியாபாரியின் லாரிக்கோ போய்விடுகிறது. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் வரை செல்லும். மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டுமானால் 14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த மூன்று சதவீதத்தைக் காயவைக்கக் களமும் இல்லை, ஆளும் இல்லை. நெல் விற்ற காசில் கடையிலிருந்து 25 கிலோ அரிசி மூட்டை வீட்டுக்கு வருகிறது.

ஆக, நெல்லுக்கென்று கட்டிய அறையில் இப்போது இருப்பது அரிசி. புதுப்பிக்கும்போது நடக்கிற தப்புகளில் பாதி இந்த ஒன்றைக் கவனிக்காததால் வருவது. மூட்டை வாங்கும்போது சுத்தமாக இருந்த அரிசியில் மாதம் ஒன்று கழித்துச் செள்ளு மொய்த்தால் கடைக்காரரைத் திட்டுவோம். பெண் வண்டு அரிசியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை ஒரு பசையால் மூடிவிடும். புழு அரிசிக்குள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகித்தான் வெளியே வரும். அதற்கு வெப்பகாலத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரிந்த நாள் வேறு, அது குடிவந்த நாள் வேறு.

இந்த நிலையில் கொத்தனாரும் வீட்டுக்காரரும் சேர்ந்து முதலில் செய்வது, பழைய சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசுவது. தரைக்கடியிலிருந்து ஏறும் ஈரம் முன்பு சுவர் முழுவதும் பரவி ஆவியாகிக்கொண்டிருந்தது. சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துப்போட, ஈரம் இன்னும் மேலே ஏறி, இடுப்பளவில் பூத்து உதிர்கிறது. அடுத்து டைல்ஸ். அடுத்து ‘வெளிச்சம் வரட்டும்’ என்று ஒரு பெரிய சன்னல். கடைசியாகத் தரையோடு தரையாக ஒட்டுப்பலகை அலமாரி. அது வந்த கையோடு சிதலும் வந்து சேரும். இதெல்லாம் செய்யாதே என்றால் வேறென்ன செய்வது என்று கேட்பது நியாயம்தான்.

சுவருக்குச் சுண்ணாம்பே போதும். அது தெரிந்த கொத்தனாரைத் தேடுவதுதான் கஷ்டம். பெரிய சன்னலுக்குப் பதில், கூரையை ஒட்டி ஒன்றும் தரைக்குச் சற்று மேலே எதிர்ச்சுவரில் ஒன்றுமாக இரண்டு சின்னத் திறப்புகள் வைத்தால் சூடான காற்று மேல்வழியாக வெளியேறும். திறப்பில் கம்பிவலை அவசியம். அதன் கண் 6 மில்லிமீட்டருக்கு உள்ளாக இருக்க வேண்டும், அதைவிடப் பெரிய சந்து சுண்டெலிக்கு வாசல். ஊரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரலும் ஈரக்காற்றும் வரும். அதே மாதங்களில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் அனல்காற்று. ஒரே ஆறு, ஆனால் ஓர் ஊரில் மூடிவைக்க வேண்டிய மேற்குத் திறப்பை இன்னோர் ஊரில் திறந்து வைக்கலாம்.

அலமாரிக்குக் கடப்பைக் கல். சிதல் தொடாது, குளிர்ச்சி, ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. ஓர் அடிக்கு மேல் ஆழம் வேண்டாம். ஒரு டப்பாவுக்குப் பின்னால் இன்னொரு டப்பா ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால், போன வருஷத்துக் கொத்தமல்லி அடுத்த வருஷம்தான் கண்ணில் படும். மரம்தான் வேண்டும் என்கிறவர்களுக்குப் பத்தாயத்தின் பலகைகளே இருக்கின்றன. பிரித்து இழைத்தால் எத்தனையோ வருஷம் நெல் தாங்கிய மரம் ஊறுகாய் ஜாடி தாங்காதா?

மரத்தைப் பற்றி ஒரு சங்கதி. 1926இல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சன்களுக்கெல்லாம் பாட்டி அது. அரிசி, சர்க்கரைக்கெல்லாம் பெயர் பொறித்த அலுமினிய டப்பாக்கள் வைத்தவர், மாவுக்கு மட்டும் கருவாலி மரத்தில் இழுப்பறை செய்தார். அந்த மரத்தின் துவர்ப்புக்கு மாவுப்புழு அண்டாது என்பதால். நம் வீடுகளில் நொச்சி இலையும் வேப்பிலையும் வசம்பும் போட்ட புத்திக்கு இது தூரத்துச் சொந்தம்.

துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பதும் அந்த வகைதான். விதைப்பயறு நூறு கிலோவுக்கு ஒரு கிலோ பதப்படுத்திய களிமண்தூள் கலக்கச் சொல்லும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலும் அதே தத்துவம் இருக்கிறது. மாவும் ரவையும் வாங்கியவுடன் நாலு நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் முட்டைகள் பிழைக்காது. கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு இறுக்கமான தகர டப்பா போதும். புளிக்கும் உப்புக்கும் மட்டும் தகரத்தைத் தவிர்த்துவிட்டு, காருகுறிச்சிப் பானை ஒன்றோ பீங்கான் ஜாடியோ வாங்கலாம். மீதியைக் குளிர்சாதனப் பெட்டி பார்த்துக்கொள்ளும். இவ்வளவுக்கும் அரங்கில் பாதி இடம் போதும். மீதியில் மாவரைக்கும் கிரைண்டரை வைப்பவர்கள் உண்டு. அது செய்யக் கூடாத காரியம். உலர்ந்த அறைக்குள் தண்ணீர் வேலையைக் கொண்டுவந்து விடுவதாகும்.

தண்ணீர் என்றதும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை விட்டுவிட முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை. தாமிரபரணிக் கரை ஊர்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. பழைய வீடுகள் தெருவைவிட நாலு படி உயரத்தில் கட்டப்பட்டவை. சாலையை ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. தெரு ஏற ஏற வீடு தாழ்ந்துவிட்டது. ஆகவே அரங்கின் கீழ்த்தட்டு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தரையிலிருந்து அளக்காமல், அன்று சுவரில் படிந்த சேற்றுக்கோட்டிலிருந்து அளப்பவர் புத்திசாலி. அதற்குக் கீழே பித்தளை அண்டாவும் உருளியும் இருக்கட்டும், நனைந்தால் கழுவிக்கொள்ளலாம்.

வேலை முடிந்த கையோடு சாமான்களை அடுக்கிவிடவும் கூடாது. சுண்ணாம்பு காற்றை உண்டு இறுகுவதற்கு வாரங்கள் ஆகும். சித்திரை வெயிலில் அறையைத் திறந்து போட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீர்விட ஆரம்பிக்கும்; கல் உப்பு அதற்கும் கொஞ்சம் முன்பே கசியும். நெல்லில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டத் தொடங்குவதும் காற்றின் அதே நிலையில்தான். அதனால் ஒரு தட்டில் ஒரு பிடி தூத்துக்குடி உப்பைப் பரப்பிப் புதிய அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, ஐப்பசி மழை பிடிக்கும்வரை பொறுத்திருந்து, ஒரு விடியற்காலையில் போய் அதில் விரலை வைத்துப் பார்த்தால் போதும்.