சிறிய கோப்பின் பெரிய சுமை

இரண்டரை மணி நேரத் திரைப்படத்தைத் தடங்கல் இல்லாமல் ஓட்டிக் காட்டும் கணினி, ஒரே கச்சேரியை நான்கு கேமராக்களில் எடுத்த காட்சிகளை ஒரே திரையில் அருகருகே வைத்து ஓட்டச் சொன்னால் ஏன் திணறுகிறது என்பது, மார்கழி சீசன் முடிந்து சபாப் பதிவுகள் எடிட்டிங் மேசைக்கு வரும் நாட்களில் தவறாமல் எழும் கேள்வி. விற்பனையாளர்களிடம் இதற்கு ஆயத்த விடை உண்டு: செயலியில் இன்னும் சில கோர்கள், இன்னும் விலை கூடிய கிராஃபிக்ஸ் கார்டு, முடிந்தால் பெட்டிக்குள் வண்ண விளக்குகள். இந்த விடை முழுப் பொய் அல்ல. ஆனால் திணறலுக்குக் காரணம் கணினியின் வேகக் குறைவு என்பதைவிட, கேமரா காட்சியை எழுதிவைக்கும் முறை என்பதே சரி; அந்த முறையை அறியாமல் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் விளக்குகளோடு நின்றுவிடுகிறது.

1920 × 1080 அளவுள்ள எச்.டி. படம் ஒன்றில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒளிர்வை முழுமையாகவும் நிறத்தைக் கால் பங்கு நுணுக்கத்திலும் பதிகிற வழக்கமான 4:2:0 முறையில் ஒரு புள்ளிக்கு ஒன்றரை பைட் வீதம், ஒரு ஃப்ரேமுக்கு 3.1 மெகாபைட் ஆகும். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 78 மெகாபைட். இந்த வேகத்தில் சாதாரண மெமரி கார்டில் எழுத முடியாது என்பதால், 2006இல் சோனியும் பானசோனிக்கும் கொண்டுவந்த ஏ.வி.சி.எச்.டி. போன்ற வடிவங்கள், எச்.264 என்ற சுருக்க முறையால் இதை விநாடிக்கு 24 மெகாபிட்டுக்குள், அதாவது 3 மெகாபைட்டுக்குள், அடக்கிவிடுகின்றன. 26 பங்கில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. மற்ற 25 பங்கைக் கேமரா எப்படித் தவிர்த்தது என்பதில்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் அழகும் வில்லங்கமும் சேர்ந்தே இருக்கின்றன.

பாடகர் அமர்ந்திருக்கிறார், பின்திரை அசையவில்லை. ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே மாறுவன கையும் முகமும் மட்டுமே. எனவே கேமரா, அரை விநாடிக்கு ஒரு முறைபோல ஒரு படத்தை முழுமையாக எழுதிவிட்டு, அதன்பின் வரும் 11 அல்லது 12 ஃப்ரேம்களுக்கு மாற்றங்களை மட்டும் குறிக்கிறது. இது மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டைப் போன்றது. முதல் தேதியன்று நிலுவை முழுதாக எழுதப்படும். பிறகு ஐந்தாம் தேதி புளி அரைக் கிலோ, ஒன்பதாம் தேதி வரவு 200 ரூபாய் என்று மாறியது மட்டும் ஏறும். காகிதம் மிச்சம், ஆனால் பதினேழாம் தேதி நிலுவை எவ்வளவு என்று யாராவது கேட்டால், கடைக்காரர் முதல் தேதிக்குத் திரும்பிப் போய் வரிவரியாகக் கூட்டிக் கழித்துக்கொண்டு வர வேண்டும். எச்.264 இதோடும் நிற்பதில்லை. எட்டாம் தேதிப் பக்கத்தில், ‘ஏழாம் தேதிக்கும் ஒன்பதாம் தேதிக்கும் நடுவிலுள்ள தொகை, அதோடு ஒரு தேங்காய் சேர்த்துக்கொள்ளவும்’ என்று எழுதிவைக்கும் விபரீதக் கடைக்காரர் அது. ஒன்பதாம் தேதியை முதலில் கணக்கிடாமல் எட்டாம் தேதி தெரியவராது. முன்னும் பின்னும் பார்த்துக் கணிக்கும் இத்தகைய ஃப்ரேம்களுக்கு இருபக்கச் சார்பு ஃப்ரேம்கள் என்று பெயர் சொல்லலாம். போதாததற்கு, ‘மூன்றாம் பக்கத்து ஐந்தாவது வரி இந்தப் பக்கத்தில் இரண்டு விரற்கடை வலப்புறம் நகர்ந்திருக்கிறது’ என்ற வகைக் குறிப்புகளும் உண்டு; படத்தின் சிறு சதுரங்கள் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தன என்று சொல்லும் நகர்வுக் குறிப்புகள் அவை. இப்படிக் கணக்கெழுதும் கடைக்கு எந்த வாடிக்கையாளரும் இரண்டாம் முறை வரமாட்டார்.

திரைப்படம் பார்ப்பவருக்கு இதனால் தொல்லை இல்லை, ஏனெனில் அவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கிறார். ஒவ்வொரு நாளின் நிலுவையும் அடுத்த நாளைத் தொடும்போது கையில் தயாராக இருக்கும். எடிட்டர் அப்படிப் படிப்பதில்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஒரு சொல் விழும் கணத்தைத் தேடி அவர் முன்னும் பின்னும் உருட்டுகிறார், நிறுத்துகிறார், பத்து நிமிடம் தாவுகிறார். 12 ஃப்ரேம் கொண்ட ஒரு குழுவைப் பின்னோக்கி ஓட்டும்போது, கணக்கிட்டதை நினைவகத்தில் வைத்துக்கொள்ளாத மென்பொருள், பன்னிரண்டாவதற்காக 12, பதினொன்றாவதற்காக 11 என்று மொத்தம் 78 முறை ஃப்ரேம்களை அவிழ்க்க நேரிடும். நான்கு கேமராக்கள் என்றால் நான்கு நோட்டுகள். அவற்றின் முழு ஃப்ரேம்கள் ஒரே கணத்தில் விழுவதும் இல்லை, ஆகவே ஒவ்வொரு தாவலிலும் நான்கிலும் தனித்தனியே பின்னால் போய்த் தொடங்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று, ஒவ்வொரு பக்கத்திலும் நிலுவையை முழுதாக எழுதிவிடுவது. ஆவிட் நிறுவனத்தின் டி.என்.எக்ஸ்.எச்.டி., ஆப்பிள் 2007இல் வெளியிட்ட ப்ரோரெஸ் ஆகிய இடைநிலைக் கோடெக்குகள் இதைத்தான் செய்கின்றன: ஒவ்வொரு ஃப்ரேமும் பிற ஃப்ரேம்களைச் சாராமல் தனியே சுருக்கப்படுகிறது. விலையாக, ப்ரோரெஸ் 422 விநாடிக்கு 122 மெகாபிட் கேட்கிறது; இரண்டரை மணி நேரக் கச்சேரியின் நான்கு கேமராப் பதிவுகள் 108 ஜிகாபைட்டிலிருந்து ஏறத்தாழ 550 ஜிகாபைட்டாக வீங்கிவிடும். ஆனால் கோப்பு பெருக்க, வேலை இலேசாகிறது. இதிலும் விந்தை, எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் தரம் குறைந்த பதிலிக் கோப்பான ப்ராக்ஸியில் இருக்கிறது: முழு எச்.டி. அளவிலான ப்ரோரெஸ் ப்ராக்ஸிக்கு விநாடிக்கு 38 மெகாபிட் தேவை, அதாவது அது மூலக் கோப்பைவிடப் பெரியது, படத்தின் தரமோ தாழ்வு, இருந்தும் நான்கு கோணங்களும் எண்ணெய் ஊற்றியதுபோல் ஓடுகின்றன. ப்ராக்ஸி என்றால் சிறிய கோப்பு என்று விளம்பரங்கள் சொல்வது பாதி உண்மையே.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1951இல் அமெரிக்காவில் ‘ஐ லவ் லூசி’ தொடர், பார்வையாளர் முன்னிலையில் மூன்று ஃபிலிம் கேமராக்களால் எடுக்கப்பட்டபோது, மூன்று படத் தலைகளும் ஓர் ஒலித் தலையும் கொண்ட மூவியோலா இயந்திரத்தில் அதைத் தொகுத்தார்கள். ‘மூன்று தலை அரக்கன்’ என்று அதற்குச் செல்லப் பெயர். 1971இல் சி.பி.எஸ்., மெமொரெக்ஸ் நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் வந்த சி.எம்.எக்ஸ். 600, காட்சிகளைத் தரம் குறைந்த கறுப்பு வெள்ளைப் படங்களாக டிஸ்கில் ஏற்றி, அங்கே முடிவுசெய்த வெட்டுகளின் பட்டியலைப் பிறகு மூல டேப்பின்மேல் நிறைவேற்ற வழிசெய்தது. இன்று ‘புரட்சிகர ப்ராக்ஸி முறை’ என்று விற்கப்படுவது இதுதான்.

இனி டிஸ்க். நான்கு ப்ரோரெஸ் ஓட்டங்களுக்கு விநாடிக்கு 61 மெகாபைட் போதும். விநாடிக்கு 150 மெகாபைட் படிக்கும் 7200 சுழற்சி ஹார்ட் டிஸ்க் இதைத் தாராளமாகத் தாங்கும் என்றே தோன்றும். ஆனால் அந்த 150, ஊசி ஒரே தடத்தில் தொடர்ந்து படிக்கும்போது கிடைப்பது. நான்கு கோப்புகள் நான்கு இடங்களில் கிடக்க, ஒவ்வொரு தாவலுக்கும் ஊசி நகர 9, தட்டு சுழன்றுவரச் சராசரியாக 4, ஆக 13 மில்லிவிநாடி செலவாகிறது. மென்பொருள் ஒரு தடவைக்கு ஒரு மெகாபைட்டாக எடுத்தால், 61 தாவல்களுக்கு 0.79 விநாடி, படிப்பதற்கு 0.41 விநாடி, ஒரு விநாடிக்குத் தேவையான காட்சியைக் கொண்டுவர 1.2 விநாடி ஆகிறது, படம் நிற்கிறது. ஊசியே இல்லாத எஸ்.எஸ்.டி.யில், சாதாரண சாட்டா வகையாயினும், இந்தக் கணக்கு எழுவதில்லை. ஆகவே எடிட்டிங் கணினி அமைப்பவர் முதலில் வாங்க வேண்டியது, நடப்பு வேலை முழுவதும் அடங்கும் எஸ்.எஸ்.டி.; ஹார்ட் டிஸ்க் முடிந்த வேலைகளைச் சேமிக்க நல்லது.

கிராஃபிக்ஸ் கார்டு வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. இன்டெல் 2011இல் சேர்த்த க்விக் சிங்க் போல, எச்.264ஐ அவிழ்ப்பதற்கென்றே தனிச் சுற்றுகள் செயலிகளிலும் கார்டுகளிலும் வந்துவிட்டன. ஆனால் அவை எல்லா வகை எச்.264ஐயும் அறியா; 10 பிட், 4:2:2 என்று உயர்ந்த நிறத் தரத்தில் பதிந்த கோப்பைக் கொடுத்தால் பல கார்டுகள் ஒதுங்கிக்கொள்ள, சுமை முழுவதும் செயலியின் தலையில் விழுகிறது. கார்டின் விலையைப் பார்க்குமுன், கேமரா எந்த வகையில் பதிகிறது, அதை இந்தச் சுற்று அவிழ்க்குமா என்று பார்ப்பது மலிவான முன்னெச்சரிக்கை.

கணினிக்கு எவ்வளவு கொட்டினாலும் தீராத ஒன்றும் உண்டு. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்வதால், மேடையிலிருந்து 28 மீட்டர் தள்ளி அரங்கின் பின்வரிசையில் நிற்கும் கேமராவின் மைக்குக்கு மிருதங்க ஒலி 80 மில்லிவிநாடி, அதாவது 2 ஃப்ரேம், தாமதமாக வருகிறது; ஒலி அலைகளைப் பொருத்தி நான்கு கேமராக்களையும் தானாக இணைக்கும் மென்பொருள் அந்தத் தாமதத்தை ஈடுகட்டக் காட்சியை முன்னுக்கு இழுத்துவிடுவதால், கை விழுந்த பிறகே ஓசை கேட்கிறது. மேலும், ஒரு கேமராவின் கடிகாரப் படிகம் மற்றொன்றைவிடப் பத்து லட்சத்தில் 20 பங்கு வேகமாக ஓடினால், தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்திய பதிவுகள் மங்களம் பாடும்போது 4 ஃப்ரேமுக்கு மேல் விலகியிருக்கும். எல்லாக் கேமராக்களுக்கும் பொதுத் துடிப்பு அனுப்பும் ஜென்லாக் வசதி சிறிய கேமராக்களில் பெரும்பாலும் கிடையாது. ஆகவே எடிட்டர், பின்வரிசைக் கேமராவை 2 ஃப்ரேம் கையால் தள்ளி வைத்து, நீண்ட பதிவைப் பாட்டுக்குப் பாட்டு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மிருதங்கக்காரரின் கையைப் பார்த்து மறுபடி பொருத்த வேண்டியிருக்கிறது.