செட் ஆகுமா சார்?

ஜேடர்பாளையம் படுகை அணையைப் பார்க்கப் போகிறவர் ஒரே நாளில் எத்தனை 'செட்'டைச் சந்திக்கலாம் தெரியுமா?

ராஜவாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுக்காட்டில் மோட்டார் செட். கோயில் திருவிழாவில் காதைக் கிழிப்பது மைக் செட். இருட்டினால் செட் பரோட்டா. கூடப் படித்தவன் 'நம்ம செட்டு'. கோழி அடைக்கிற 'ஷெட்'டையும் நாமக்கல் நாக்கு 'செட்டு' ஆக்கிவிட்டது! சேலத்தில் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் அந்தக் காலத்தில் அரண்மனையே செட்டாக இருந்தது!

இங்கிலீஷ்காரன் மட்டும் லேசுப்பட்டவனா? 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியில் இந்த மூன்றெழுத்துக்கு 430 அர்த்தம். விளக்கம் மட்டும் சுமார் 60,000 வார்த்தை! (2011-ல் 'ரன்' 645 அர்த்தத்தோடு ஓடி முந்திவிட்டது.) 'வைப்பது' என்கிற செட் பழைய ஆங்கிலம், 'கூட்டம்' என்கிற செட்டுக்கு லத்தீன் பூர்வீகம். இரண்டு வம்சம், ஒரே வேஷம்!

ஆனால் ஆக்ஸ்ஃபோர்டுக்கே தெரியாத அர்த்தம் கொங்குநாட்டுக் கல்யாணத் தரகருக்குத் தெரியும்.

"பொண்ணு வீட்டுல என்ன சொன்னாங்க?"

"ஜாதகம் செட் ஆகலையாமுங்க!"

ஜாதகத்தைப் பிரித்தே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். 'தோட்டங்காடு வேண்டாம், மாசச் சம்பளம் வேணும்' என்பதன் மரியாதையான மொழிபெயர்ப்பு அது. சம்பளக்கார சார், சிரிக்காதீர்கள்... 'கவர்ன்மெண்ட்டா, பிரைவேட்டா?' என்ற அடுத்த கேள்வி உங்களுக்குத்தான்!

முப்பதைத் தாண்டியவனுக்கு 'செட் ஆகலை' என்பது காரணம் சொல்லாமல் சாத்துகிற கதவு. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னே சொல்லிடுங்களேன். பையன் பாவம், ஜாதகத்தையாவது திட்டாமல் இருப்பான்!