அருவித் தண்ணீரும் கான்டாக்ட் லென்ஸும்



சாரல் காலத்தில் ஒரு நாள் காலை, நமது கண் பிரிவின் வாசல் பெஞ்சில் ஒரு தாயாரும் அவருடைய பதினாறு வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். வடகரைப் பக்கத்தில் வயலும் தோப்புமாகப் பிழைக்கிற குடும்பம். மகள் பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறாள். இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. கண்ணாடியோடு ஆடினால் ஆபத்து. கழற்றி வைத்தால் எதிரே பாடி வருகிறவள் யாரென்றே தெரியாது.

"ஐயா, இவ லென்ஸ் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. கண்ணுக்குள்ள போடுறதுன்னா எனக்கு ஈரக்குலை நடுங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் தாயார்.

"ஸ்கூல்ல சோடாபுட்டின்னுதான் கூப்பிடுதாங்க" என்று மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் வேதசாஸ்திரம் படித்தவனேயன்றி வைத்தியம் படித்தவனல்ல. ஆகவே அவர்களோடு நானும் டாக்டரம்மாவின் அறைக்குள் போனேன். வாலிபப் பிள்ளைகளை உடைய பெற்றோர் அநேகர் இதே காரியத்தை என்னிடம் விசாரிப்பதால், அன்று கேட்டதையும் பின்னர் படித்ததையும் எழுதுகிறேன்.

கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண் நீளமாக வளர்ந்துவிடுவதால் வருவது. ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று பவர் ஏறும். லென்ஸ் போட்டால் அந்த நீளம் குறையாது. பவர் ஏறுவதை மெதுவாக்கும் விசேஷ லென்ஸ் ஒன்றுக்கு அமெரிக்க அரசு 2019இல் அனுமதி கொடுத்தது. அது 8 முதல் 12 வயதுக்குள் தொடங்கவேண்டியது. நம் பெண்ணுக்குச் சாதாரண லென்ஸே. கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரை அப்படியே கடையில் காட்டி வாங்குவதும் சரியல்ல. லென்ஸ் கருவிழியின்மேலேயே உட்காருவதால் மைனஸ் 6 கண்ணாடிக்கு லென்ஸ் சுமார் மைனஸ் 5.5 போதும். கருவிழியின் வளைவையும் அளந்து, மாதிரி லென்ஸைப் போட்டு, கண் சிமிட்டும்போது அது சற்றே அசைகிறதா என்று பார்க்கவேண்டும். அசையாமல் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குக் கேடு. கருவிழிக்கு இரத்தக் குழாய் கிடையாது. முக்கியமாகக் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே பிராணவாயு கிடைக்கிறது. லென்ஸோடு தூங்கக்கூடாது என்பது இதனால்தான்.

1888இல் அடால்ஃப் ஃபிக் என்ற டாக்டர் செய்த லென்ஸ் கனத்த கண்ணாடியால் ஆனது; சில மணி நேரத்துக்குமேல் யாராலும் தாங்க முடியவில்லை. இன்றைய மெல்லிய லென்ஸுக்கு வழி திறந்தவர் செக் நாட்டு விஞ்ஞானி ஓட்டோ விக்டெர்லே. 1961 கிறிஸ்மஸ் சமயத்தில் தம் வீட்டிலேயே, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் பூட்டி ஒரு யந்திரம் செய்து, அதில் லென்ஸ் வார்த்தார். இதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

ஆனால் டாக்டரம்மா பவரைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். "வீட்டில் என்ன தண்ணீர்? அருவிக்குப் போவீர்களா?" என்றார். சாரல் விழுந்துவிட்டால் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் போகாத வீடு நம் பக்கத்தில் ஏது! அருவி, ஆறு, கிணறு, குழாய் எதிலும் அகாந்தமீபா என்ற ஓரணு உயிர் இருக்கலாம். வெறுங்கண்ணில் பட்டால் பெரும்பாலும் தீங்கில்லை. லென்ஸ் இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு, கருவிழியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக இறங்கிவிடும். வலி உயிரை எடுக்கும். மாதக்கணக்கில் சொட்டு மருந்து விடவேண்டும். சிலருக்குக் கருவிழி மாற்றும் அளவுக்குப் போய்விடும். அது கூடு கட்டிக்கொண்டால் குளோரின் போட்ட தண்ணீரிலும் பிழைக்கும். நம் நாட்டில் லென்ஸே போடாத விவசாயிகளுக்கும் சேறு தெறித்து இந்த வியாதி வருகிறது. வயல் வேலையில் நெல் தாள் பட்டுக் காளான் புண் வருவதோ நமக்குப் பழகிய சங்கதி.

அப்படியானால் எந்த லென்ஸ்? ஒரு வருஷத்துக்கு ஒரே ஜோடி என்பது மலிவாகத் தோன்றும். ஆனால் தினமும் மருந்துத் திரவத்தில் தேய்த்து, புதுத் திரவத்தில் ஊறவைத்து, டப்பாவையும் மாற்றவேண்டும். விடுதியிலும் போட்டி நடக்கும் ஊர்களிலும் இதை ஒழுங்காகச் செய்கிற பிள்ளை அபூர்வம். 2006இல் பல நாடுகளில் லென்ஸ் போட்டவர்களுக்குக் காளான் கிருமிப் புண் பரவி, ஒரு கழுவும் திரவமே விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. பழைய திரவத்தின்மேலேயே புதியதை ஊற்றி வைக்கும் பழக்கமும் அப்போது குற்றஞ்சாட்டப்பட்டது. கெட்டி லென்ஸ் பார்வைக்கு நல்லது; கபடித் தரையின் மண் அடியில் புகுந்தால் ஆட்டக்காரி அங்கேயே உட்கார்ந்துவிடுவாள்.

எனவே ஒரு நாள் போட்டு எறிந்துவிடும் லென்ஸையே டாக்டரம்மா சொன்னார். "விலை அதிகமாச்சே" என்று தாயார் திகைத்தார். கணக்குப் போட்டோம். தினமும் போட்டால் வருஷத்துக்கு 730 லென்ஸ் வேண்டும். வாரத்தில் மூன்று நாள் ஆட்டத்துக்கு மட்டும் என்றால் வாரத்துக்கு ஆறுதான். முப்பது லென்ஸ் உள்ள பெட்டிகள் இரண்டு வாங்கினால் பத்து வாரம் ஓடும். பள்ளிக்குக் கண்ணாடி. தாயாருக்கு மூச்சு வந்தது.

அதன்பின்னும் உடனே கொடுத்துவிடவில்லை. நகத்தை வெட்டி, சோப்புப் போட்டுக் கைகழுவி, துடைத்துக் காயவைத்து, தானே போட்டுத் தானே கழற்றப் பழகிய பிறகே எழுதிக் கொடுப்பேன் என்றுவிட்டார். ஃபேன்ஸி கடைக் கலர் லென்ஸ் வாங்குவதும், சிநேகிதியோடு மாற்றிப் போடுவதும் கூடவே கூடாது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ லென்ஸை உடனே கழற்றி, அதை எறியாமல் கையோடு கொண்டுவரவேண்டும். அதிலிருந்தே கிருமியைக் கண்டுபிடிக்க முடியும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு புண்ணை மோசமாக்கிவிடும். இத்தனை பவர் உள்ள கண்ணுக்கு வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனையும் அவசியம்.

"அப்போ அருவிக்குப் போனா எனக்கு ஒண்ணுமே தெரியாதே?" என்றாள் பெண்.

"அருவிக்கடியில எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுத்தாம்மா நிக்காங்க" என்றார் டாக்டரம்மா.

மூன்றாம் முறை வந்தபோது அவள் கண்ணாடி பாராமலே லென்ஸைக் கழற்றிக் காட்டினாள். தாயார் மட்டும் இன்னமும் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.