விடுமுறைக் கார்ப் பிரயாணமும் எங்கள் உடல்நலமும்

பாடசாலை விடுமுறை தொடங்கினால் ஸ்ட்ராத்ஃபீல்ட், ஹோம்புஷ் பகுதிகளில் பல வீடுகளில் ஒரே பரபரப்புத்தான். கன்பராவில் கூடப் படித்த நண்பர் இருக்கிறார், மெல்பேர்ணில் ஊர்ச் சினேகிதர் இருக்கிறார், வழியில் கடற்கரை ஊர்களையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று திட்டம் போடுகிறோம். அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேர் போவதென்றால் விமானத்தை விடக் கார்தான் வசதி. சூட்கேஸ், முறுக்கு, மிக்சர் எல்லாம் மறக்காமல் ஏற்றுகிறோம். உடல்நலத்துக்கும் அதே கவனம் கொடுத்தால் பிரயாணம் இனிமையாக முடியும்.

நித்திரையும் ஒரு மதுதான்

ஹியூம் நெடுஞ்சாலையால் மெல்பேர்ண் ஏறத்தாழ 870 கிலோமீற்றர். 2013ஆம் ஆண்டு ஹோல்புரூக் புறவழிப் பாதை திறந்த பின்னர் முழுத் தூரமும் இரட்டைப் பாதையாகிவிட்டது. ஒன்பது மணித்தியாலம் ஓடினால் போதும் என்பதால், பலர் வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு இரவிரவாகப் புறப்படுகிறார்கள். "பிள்ளைகள் நித்திரை கொள்வார்கள், ரோட்டும் வெறுமையாக இருக்கும்" என்பது அவர்கள் சொல்லும் நியாயம்.

இதை ஒருமுறை கணக்குப் பார்ப்போம். காலை 6 மணிக்கு எழும்பி வேலைக்குப் போனவர் இரவு 7 மணிக்குக் காரை எடுக்கிறார். 11 மணிக்குக் கண்டகாய் அளவில் நிற்பார். இன்னும் பாதித் தூரம் கிடக்கிறது. ஆனால் அவர் விழித்திருந்து 17 மணித்தியாலம் ஆகிவிட்டது. ட்ரூ டோசன், கத்ரின் ரீட் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வின்படி, 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயற்திறன், இரத்தத்தில் 0.05 அளவு மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. 24 மணித்தியாலமானால் அது 0.10க்குச் சமன். ஒரு துளி மதுவும் தொடாத நல்ல மனிதர், விடியற்காலையில் மெல்பேர்ண் எல்லையை அடையும்போது குடித்தவரின் நிலையில் குடும்பத்தையே ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

110 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 30 மீற்றர் ஓடும். நான்கு விநாடி கண் அயர்ந்தால் 120 மீற்றர் தூரம் ஓட்டுநர் இல்லாத காரில் போவது போலத்தான். கண்ணாடியை இறக்குவது, பாட்டைக் கூட்டி வைப்பது எல்லாம் சிறிது நேரத்துக்கே உதவும். நித்திரைக்கு மருந்து நித்திரை மட்டுமே. அடிக்கடி கொட்டாவி வருவதும், கார் கோட்டை விட்டு விலகுவதும், கடைசியாகக் கடந்த சந்தி நினைவில் இல்லாமல் இருப்பதும் அறிகுறிகள். உடனே பாதுகாப்பான ஓய்விடத்தில் நிறுத்தி, ஒரு கோப்பி குடித்து, 15 அல்லது 20 நிமிடம் படுங்கள். எழும்பியவுடன் காரை எடுக்காமல் சிறிது நடந்து தெளியுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்துவது கட்டாயம். விடுமுறைக் காலங்களில் 'ட்ரைவர் ரிவைவர்' நிலையங்களில் தொண்டர்கள் தேநீரும் பிஸ்கட்டும் இலவசமாகவே தருகிறார்கள்.

நாலு நாளில் போகலாமே

நண்பர்களைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அவசரம் எதற்கு? முதல் நாள் கன்பரா, சுமார் 280 கிலோமீற்றர். இரண்டாம் நாள் கிளைட் மலையால் இறங்கி பேட்மன்ஸ் பே, அங்கிருந்து ஈடன். மூன்றாம் நாள் லேக்ஸ் என்ட்ரன்ஸ். நாலாம் நாள் மெல்பேர்ண். எந்த நாளிலும் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடத் தேவையில்லை. கங்காருக்களும் வொம்பட்டுகளும் பாதைக்கு வரும் அதிகாலையையும் அந்திப் பொழுதையும் தவிர்த்துக்கொள்ளலாம்.

கிளைட் மலை வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வருவதுண்டு. கைத்தொலைபேசியையும் புத்தகத்தையும் வைத்துவிட்டு முன்னே தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரயாண வாந்திக்குரிய மாத்திரைகள் பல நித்திரையைத் தருபவை. ஓட்டுபவர் மருந்தாளரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

நெடுநேரம் இருந்தால் கால்களுக்கு ஆபத்து

கால் நாளங்களில் இரத்தம் கட்டிபடுவது விமானப் பயணிகளுக்கு மட்டும் வருவதல்ல. நாலு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து செய்யும் எந்தப் பிரயாணத்திலும் இந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. சுகதேகிகளுக்கு இது அரிது. ஆனால் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், முன்னர் இரத்தக்கட்டி வந்தவர்கள் புறப்பட முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் அம்மம்மாவையும் இறக்கி நடக்க விடுங்கள். "அடிக்கடி பாத்ரூம் போக வரும்" என்று தண்ணீர் குடிக்காமல் இருக்க விடாதீர்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் வந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சு முட்டினால் 000.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்துக்கு

எங்கள் சமூகத்தில் நீரிழிவு இல்லாத குடும்பம் குறைவு. இன்சுலின் அல்லது சீனியை மிகவும் குறைக்கக்கூடிய மாத்திரை எடுப்பவர், சீனி அளவு 5க்கு மேல் இருந்தால் மாத்திரமே காரை எடுக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் காரை நிறுத்தித் திறப்பைக் கழற்றுங்கள். ஆறு ஏழு ஜெலிபீன்ஸ் அல்லது அரை டின் சாதாரண குளிர்பானம் எடுத்து 15 நிமிடத்தில் சோதியுங்கள். பின்னர் ஏதாவது சாப்பிடுங்கள். அளவு 5க்கு மேல் வந்து அரை மணித்தியாலம் கழிந்த பின்னரே ஓட்டலாம். 'டயட்' பானம் இதற்கு உதவாது.

இன்சுலினை வெய்யிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். குளிர்ப்பெட்டியில் ஐஸுடன் நேரே முட்டவும் விடாதீர்கள், உறைந்தால் அது பயன்படாது. மருந்துகளை இரண்டு மூன்று நாட்களுக்கு மேலதிகமாகவும், மருந்துச் சீட்டின் பிரதியுடனும் கொண்டு செல்லுங்கள்.

பிள்ளைகளும் கடலும்

ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு உரிய ஆசனம் சட்டப்படி கட்டாயம். நண்பரின் காரில் பக்கத்துக் கடற்கரைக்குப் போனாலும் இதே சட்டம்தான். பூட்டிய காரில் பிள்ளையை ஒரு நிமிடமும் விட வேண்டாம். கடலில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டும் குளியுங்கள். அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் இழுவை நீரோட்டம் இருக்கக்கூடும். எங்கள் நிறத்துக்கு வெய்யில் சுடாது என்பது தவறு. புற ஊதாச் சுட்டெண் 3க்கு மேல் என்றால் தொப்பியும் களிம்பும் தேவை.

கோடையில் காட்டுத்தீ நிலைவரத்தையும் பாருங்கள். 2019 டிசம்பர் 31இல் மலகூட்டாவில் ஆயிரக்கணக்கானோர் கடற்கரையில் தஞ்சமடைந்ததும், கடற்படைக் கப்பல் வந்து பலரை மீட்டதும் நினைவிருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் பம்மைக் கையோடு வைத்திருக்க வேண்டும். மெடிக்கெயார் மற்ற மாநிலத்திலும் செல்லும். ஆனால் அம்புலன்ஸ் செலவை அது கொடுக்காது. உங்கள் காப்புறுதியைச் சரிபாருங்கள். ஹெல்த் டைரக்ட் தாதியரை 1800 022 222இல் எந்நேரமும் கேட்கலாம்.

விருந்தளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

"இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று சொல்வது எங்கள் பண்பு. ஆனால் பின்னேரம் நாலு மணிக்குப் பிரியாணி கொடுத்து, இரவு பத்து மணிக்கு வழியனுப்புவது விருந்தாளிக்கு நன்மையல்ல. நீரிழிவுக்காரருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வையுங்கள். மறுநாள் ஓட்டப் போகிறவரை இரவு ஒரு மணி வரை பழைய கதை பேசி விழிக்க வைக்காதீர்கள். "நித்திரை கொண்டு விடியப் போங்கோ" என்று சொல்லி ஒரு பாயும் தலையணையும் போட்டுக் கொடுங்கள். போகிறவர்களும் அதைக் கூச்சப்படாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் பிரயாணம் இனிதே அமையட்டும்.