உங்களுக்குத் தெரியுமா? காசுக்கு மூன்று பக்கம்!

தேனி மாவட்டம் தேவாரத்தில் பஸ் ஏறினால் போடி பக்கம்தான். அந்தப் போடிநாயக்கனூரில் வெள்ளி முத்திரைக்காசுப் புதையல் ஒன்று கிடைத்திருக்கிறது. பின்புறத்தில் கோடுகளால் ஆன மீன் இருப்பதால் இவை பழம் பாண்டியர் காசுகள் என்கிறார்கள். இவற்றை ஆராய்ந்தவர்களில் ஒருவர் கணித அறிஞர் டி.டி. கோசாம்பி. காசில் உள்ள சின்னங்களோடு அவர் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான முத்திரைக்காசுகளைத் தராசில் வைத்து நிறுத்தார். கைமாறக் கைமாறக் காசு தேயும், சராசரி எடை குறையும். அந்தக் குறைவை வைத்தே எது முந்தியது, எது பிந்தியது என்று கணக்குப் போட்டார். இன்று ஆன்லைனில் காசு விற்பவர் பத்துப் படம் அனுப்புவார். எடை எவ்வளவு என்று கேட்டால் "ஒரிஜினல் சார்" என்று பதில் வரும். ஒரிஜினலுக்கு எத்தனை கிராம்?

விக்டோரியா ராணி ரூபாயானால் 11.66 கிராம் இருக்க வேண்டும், அதில் வெள்ளி 91.7 சதவீதம். புழங்கித் தேய்ந்திருந்தால் சற்றுக் குறையலாம். ஒன்பது கிராம் என்றால் பேச்சே வேண்டாம். நகைக்கடைத் தராசின் திரையோடு சேர்த்து ஒரு படம் கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் அதற்கு மேல் பேரம் பேசுவது வீண்.

பூ, தலை என்ற இரண்டு பக்கத்தை மட்டும் படம் பிடித்துப் போடுகிறார்கள். மூன்றாவது பக்கமான விளிம்பை யாரும் காட்டுவதில்லை. அச்சில் வார்த்த போலிக்கு விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடு ஓடும். அரத்தால் ராவி மறைத்திருந்தால் ராவிய தடம் தெரியும். ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் விளிம்பே பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடும். போர்க்காலத்தில், 1940 முதல், வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். கள்ளக்காசைத் தடுக்க விளிம்பின் பற்களுக்கு நடுவே ஒரு பாதுகாப்புப் பள்ளமும் சேர்த்தார்கள்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ரெடி என்பவர் பழங்காசுகளுக்கு மின்முலாம் முறையில் நகல் செய்தார். முன்பக்கம் தனி ஓடு, பின்பக்கம் தனி ஓடு, இரண்டையும் ஒட்டிவிடுவார். முகத்தைப் பார்த்தால் அசல் தோற்றுப்போகும். ஆனால் மனிதர் நேர்மையானவர், தன் பெயரின் முதலெழுத்துகளை விளிம்பில் குத்திவைத்தார். அதைப் பார்க்கவும் விளிம்புப் படம்தான் வேண்டும்.

1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்குப் 'பன்றி ரூபாய்' என்று பட்டப்பெயர். அரசர் மார்பில் கிடக்கும் பதக்க மாலையில் ஒரு குட்டி யானை உண்டு. அச்சு வெட்டியவர் தும்பிக்கையைக் குட்டையாக விட்டதில் அது பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்புக் கிளம்ப, காசைத் திரும்பப் பெற்றார்கள். 1912-இல் தும்பிக்கையை நன்றாகத் தெரியும்படி திருத்தி வெளியிட்டார்கள். அதனால் 1911 ரூபாய்க்குத் தனி மவுசு. மவுசு இருக்கும் இடத்தில் அரமும் இருக்கும். 1912-இன் கடைசி எண்ணைச் செதுக்கி 1 ஆக்கிவிட்டால் ஆண்டு மாறலாம், யானை மாறாது. படத்தைப் பெரிதாக்கி ஆண்டைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பதக்க மாலையைப் பாருங்கள். யானை மங்கலாகத் தெரிகிறது என்றால் அந்த இடத்தை மட்டும் தனியாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாயும் அபூர்வம். அதில் பார்க்க வேண்டியது கடைசி 9. அது 1938-இன் 8 ஆகவும் இருந்திருக்கலாம்.

சில படங்களில் அரசர் முகம் குழிந்து, கிண்ணத்தின் உட்புறம் போலத் தெரியும். காசில் கோளாறு இல்லை, வெளிச்சம் கீழேயிருந்து விழுந்திருக்கிறது. வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று நம் மூளைக்குப் பழக்கம். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் முகம் மேலெழும்பி வந்துவிடும். (போனையே திருப்பினால் படமும் கூடவே சுற்றிக்கொள்ளும், ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிடுங்கள்.)

நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்து எடுத்த படம் கீறலை விழுங்கிவிடும். விளக்கைப் பக்கவாட்டில், தாழ வைத்து எடுத்தால் மயிரிழைக் கீறல்கூட எழுந்து நிற்கும். காசை மெதுவாகச் சாய்த்து எடுத்த பத்து விநாடி வீடியோ இன்னும் நல்லது. அச்சடித்த காசில் ஒளி உருண்டு ஓடும். தேய்த்து மெருகேற்றிய காசு எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரி பளபளக்கும்.

தேய்ப்பது என்றதும் நம் வீட்டுப் பழக்கம் நினைவுக்கு வருகிறது. குத்துவிளக்குக்குப் போடும் புளியைச் செப்புக்காசுக்கும் போட்டுப் பளிச்சென்று ஆக்கிவிடுவார்கள். சேகரிப்பவர் கண்ணில் அந்தப் பளிச்சுதான் பெரிய குறை. நூறு வருடத்துப் பழுப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும், விலையும் கூடவே போய்விடும்.

ஒரே ஆளின் கடையில் ஒரே ஆண்டுக் காசு இரண்டு. இரண்டிலும் அதே இடத்தில் அதே வெட்டுக்காயம் இருந்தால் இரண்டும் ஒரு வார்ப்பில் பிறந்த இரட்டையர். எழுத்தோரம் மழுங்கி, சமதளத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் இருந்தாலும் வார்ப்புச் சந்தேகம்தான்.

தேவாரத்தை ஒட்டிய மலையில் உள்ள சாக்குலூத்து மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யம். அங்கே புழங்கிய வெள்ளிச் சக்கரம் அரைக் கிராமைக்கூடத் தொடாது. விரலில் நிற்காத பொடிக்காசு என்பதால் குழி வெட்டிய பலகையில் கொட்டி, குலுக்கி, நிரம்பிய குழிகளை வைத்து எண்ணினார்கள். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். போன் திரையில் இதே காசு அப்பளம் அகலத்துக்கு விரியும். பக்கத்தில் இன்றைய ஒரு ரூபாய்க் காசை வைத்து எடுக்கச் சொன்னால் நிஜ அளவு புரியும். அந்தப் படம் வேறெங்கோ சுட்டதல்ல என்பதும் தெரிந்துவிடும்.

இன்றைய நம் காசில் ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் அது மும்பை நாணயச்சாலையில் அடித்தது, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. மங்கலான படத்தில் வைரமும் புள்ளியும் ஒன்றுதான்!

'1818, கிழக்கிந்தியக் கம்பெனி, ராமர் பட்டாபிஷேகம், லட்ச ரூபாய்' என்ற விளம்பரம் உங்களுக்கும் வந்திருக்கும். அது கம்பெனி அடித்த காசே அல்ல, கோயில் டோக்கன் வகை. 1616, 1717 என்று ஆண்டு போட்டும் வருகிறது. கம்பெனி சாமி படமே போட்டதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் பெருமாளையும் இரு தேவியரையும் பதித்து 'மூன்று சாமி வராகன்' அடித்தது. அது சின்னஞ்சிறு தங்கக்காசு, அதில் ஆங்கிலமும் கிடையாது, ஆண்டும் கிடையாது.

பழைய காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரில் செய்தி வந்தால் அழித்துவிடுங்கள். அப்படி எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்திருக்கிறது.

தோட்டத்தில் குழி வெட்டும்போது கலயத்தில் பழங்காசு கிடைத்தால் படம் எடுத்து விலை பேசத் தொடங்காதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். தேனிக் கலெக்டர் ஆபீசுக்கு அந்தப் படத்தைத் தாராளமாக எடுத்துப் போகலாம்.